அட்டைத் துளையும் வண்ணக் கணக்கும் – ஒரு வரலாற்றுப் பார்வை



கல்யாண வீடியோ எடிட் செய்யும் நம் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். "ஒரு கிளிப்புக்கு கலர் சரி பண்ணி சேவ் பண்ணிடுவேன் சார். மீதி நானூறு கிளிப்புக்கும் ஸ்கிரிப்டே போட்டுடும்" என்பார்கள். கேட்கிற பெரியவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் ஆரணியை அடுத்த சேவூர்க்காரருக்கு இது புதுசா என்ன? ஒருமுறை எடுத்த முடிவைப் பதித்து வைத்து, இயந்திரத்தைக் கொண்டே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது நம் தறிவீட்டுச் சமாச்சாரம்தானே!

தறியில் தொடங்கிய கதை

ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன், சேலையின் உருவத்தை நூல் முடிச்சுகளில் கட்டி வைத்தார்கள். காஞ்சிபுரம் பக்கம் இதற்கு 'அடை' என்று பெயர். எந்தப் பாவு இழை எப்போது தூக்கப்பட வேண்டும் என்பது அந்த முடிச்சில் இருக்கும். முடிச்சை இழுக்க ஓர் ஆள் வேண்டும்.

1804-ல் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் அந்த வேலையை அட்டைக்கு மாற்றினார். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் ஊசி தள்ளப்படும், இழை கீழேயே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளை மாலையாகக் கோர்த்துவிட்டால் அன்னம் அன்னமாகவே வரும், மயில் மயிலாகவே வரும். நூல் இழுத்த ஆளுக்கு வேலை போயிற்று. லியோன் நெசவாளர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

அந்தத் துளை அதோடு நிற்கவில்லை. 1830-களில் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பு இயந்திரத்துக்கு அதே அட்டையைத்தான் நினைத்தார். அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹோலரித் துளை அட்டையால் எண்ணினார்.

சினிமா லேபில் துளை

1956-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவாகலரில் வந்தது. தமிழில் முதல் முழுநீள வண்ணப் படம் அது. வண்ணம் வந்ததும் ஒரு தலைவலியும் கூடவே வந்தது. காலையில் எடுத்த ஷாட்டும் மாலையில் எடுத்த ஷாட்டும் ஒட்டிப் பார்த்தால் கதாநாயகியின் முகமே மாறித் தெரியும். அதைச் சரிசெய்ய, லேபில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று ஒளிக்கும் தனித்தனி அளவு குறித்தார்கள். இதுவே கிரேடிங்.

1961-ல் அமெரிக்காவின் பெல் அண்ட் ஹோவெல் கம்பெனி 'மாடல் சி' என்ற அச்சு இயந்திரத்தை வெளியிட்டது. கிரேடிங் செய்தவர் குறித்த அளவுகள் காகித நாடாவில் துளைகளாக ஏறின. ஷாட் மாறும் இடத்தில் இயந்திரம் நாடாவைப் படித்து, மூன்று ஒளியையும் தானே திருப்பிக்கொண்டது. ஒரு நாடா போதும். நூறு பிரிண்டும் ஒரே நிறம்! ஜக்கார்டின் துளை மீண்டும் வண்ணத்திடமே வந்து சேர்ந்தது பாருங்கள்.

பிறகு கணிப்பொறி. 2000-ல் கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படம் முழுவதும் கணிப்பொறியில் நிறம் திருத்தப்பட்டது. அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் பின்னர் வகுத்த முறையில் ஒரு ஷாட்டின் அடிப்படை வண்ணத் திருத்தம் வெறும் 10 எண்கள். மூன்று நிறத்துக்கும் மும்மூன்று, நிறச் செறிவுக்கு ஒன்று. இன்று டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் பைத்தானில் சில வரி எழுதினால், டைம்லைனில் உள்ள கிளிப்புகளை வரிசையாக எடுத்து, சேமித்த கிரேடை ஒவ்வொன்றின் மேலும் போட்டுவிடும்.

சேமிக்க முடியாதது

இங்கேதான் நம் நெசவாளியிடம் பாடம் கேட்க வேண்டும். அட்டையில் உருவம் உண்டு, நிறம் கிடையாது. நாடாவில் எந்த நிற ஊடை ஓட வேண்டும் என்பது நெய்பவரின் கண்ணும் கையும். அதுபோல, சேமித்த கிரேடு அது எந்த வெளிச்சத்துக்குச் செய்யப்பட்டதோ அந்த வெளிச்சத்துக்கே சரி. மண்டபத்தின் மஞ்சள் விளக்குக்குச் செய்ததை வாசல் வெயில் கிளிப்பில் போட்டால் மணப்பெண் நீலமாகிவிடுவாள்!

கல்யாண வீடியோவோடு போனால் சிரித்துவிடலாம். ஆனால் இன்று பட்டுச் சேலையைப் போனில் வீடியோ பார்த்தே வாங்குகிறார்கள். மயில்கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். சாய்த்துப் பிடித்தாலே மாறித் தெரியும். அதன் மேல் கண்மூடித்தனமாக ஒரு கிரேடைப் போட்டால், பெட்டியைத் திறந்தவர், "நான் பார்த்த கலர் இது இல்லீங்களே" என்று திருப்பி அனுப்புவார். நஷ்டம் எடிட் செய்தவருக்கு ஒரு மணி நேரம். நெய்த குடும்பத்துக்கோ நாள் கணக்கில் உட்கார்ந்த உழைப்பு!

ஆகவே தம்பிகளே, ஸ்கிரிப்ட் எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். கிளிப்புகளைக் கேமரா வாரியாக, வெளிச்சம் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி கிரேடு வையுங்கள். படம் பிடிக்கத் தொடங்கும்போது சாம்பல் நிற அட்டை ஒன்றைக் காட்டி எடுங்கள். சேலையைத் திரைக்குப் பக்கத்தில் விரித்து ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் பழைய ஜக்கார்டு அட்டை மாலை ஒன்றைக் கொண்டுவந்து நம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்தில் மாட்டுங்கள். புரோகிராம் எழுதும் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கட்டும். தங்கள் பாட்டன் கையிலும் இதே வித்தை இருந்தது என்று தெரிந்துகொள்ளட்டும்!