வெள்ளானூரின் மூலப்பத்திரம் தென்துருவக் கடலில்

ஆவடிக்குப் பக்கத்தில், வெள்ளானூரில் மனை வாங்கப் போகிறவர் முதலில் மூலப்பத்திரம் எங்கே என்றுதான் கேட்பார். இப்போது பட்டா யார் பேரில், அதற்கு முன்னால் யார் பேரில் என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு வரை பின்னால் போகலாம். மனிதர் கைமாற்றிய கணக்கு அவ்வளவுதான். இந்த மண் எப்போது மண்ணாயிற்று என்பதற்கும் ஒரு பத்திரம் உண்டு. அதைத் தேடித்தான் இந்த வாரம் போகிறோம்.

நம் வட்டாரத்தில் போர் போடும்போது மேல்மண்ணும் மணலும் கழிந்த பிறகு, பல இடங்களில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஏடு ஏடாக உரியும் ஒரு களிப்பாறை வரும். கையில் எடுத்து நகத்தால் நெம்பினாலே தகடாகப் பிரியும். இந்த வகைப் பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஆவடி களிப்பாறை’. ராணுவத் தொழிற்சாலைகளாலும் ரயில் நிலையத்தாலும் நாம் அறிந்த ஊரின் பெயர், உலக நிலவியல் நூல்களில் ஒரு பாறையின் பெயராக இருக்கிறது. பூண்டிக்கு வடக்கே கொசஸ்தலை ஆற்றுக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்திலும் இதே பாறைதான் அடித்தளம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம் அது. சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழ்ந்து, அந்தக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-ல் அறிவித்தார்கள்.

அந்த முடிவுக்கு அவர்களுக்குக் கைகொடுத்த சான்றுகளில் ஒன்று காந்தம். பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாகப் புரளும். வட முனை தென் முனையாகும், தென் முனை வட முனையாகும். கடைசிப் புரட்டல் நடந்து சுமார் 7.8 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அத்திரம்பாக்கத்தின் அடிமண்ணில் உறைந்திருந்த காந்தம் தலைகீழாக இருந்தது. ஆகவே அந்த மண் அதற்கும் முந்தியது. அதே காந்தத்தைக் கடலுக்கு அடியில் படித்தால் லட்சம் ஆண்டுகளிலிருந்து கோடி ஆண்டுகளுக்குப் போய்விடலாம்.

ஆவடி களிப்பாறையின் வயது சுமாராகப் பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஆண்டு. அதன் உறவுப் பாறைதான் பூந்தமல்லிக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. அங்கே டைலோஃபில்லம் என்ற செடியின் இலைத் தடங்களும் கடல் உயிர்களின் தடங்களும் சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. நிலத்தில் முளைத்த செடியும் கடலில் வாழ்ந்த உயிரும் ஒரே சேற்றில் புதைய வேண்டுமென்றால் அந்த இடம் கரையோரமாக இருந்திருக்க வேண்டும். புதிதாகத் திறந்துகொண்டிருந்த ஒரு கடலின் கரை அது. அதுவரை அந்த இடத்தில் கடலே இல்லை. இன்றைய சென்னைக் கரைக்கு எதிரே அண்டார்க்டிகாவின் எண்டர்பி நிலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பரங்கிமலையில் பார்க்கும் சார்னோகைட் பாறையின் இனம்தான் ஆஸ்திரேலியாவின் மாசன் ஆய்வு நிலையம் நிற்கும் அண்டார்க்டிகப் பாறையும். இன்று இரண்டு கரைகளுக்கும் இடையில் ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர்.

இரண்டும் எப்போது பிரிந்தன? கரைப் பாறையை மட்டும் வைத்து இதற்குக் கறாரான பதில் சொல்ல முடியாது. கடலடியைக் கேட்க வேண்டும். நிலத்தட்டுகள் விலகும் இடத்தில் எரிமலைக் குழம்பு மேலே வந்து இறுகும். அது ஆறும்போது உள்ளிருக்கும் மேக்னடைட் துகள்கள் அந்த நாளின் காந்தத் திசையை அப்படியே பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் தரை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் ஒதுங்கும். நடுவில் புதுத் தரை பிறக்கும். காந்தம் புரண்டிருந்தால் புதுத் தரையின் திசையும் புரண்டிருக்கும். இப்படி நேர், எதிர் என்று மாறி மாறிப் பட்டைகள், நடுவில் எழும் கடலடி மலைத்தொடருக்கு இரு புறமும் ஒரே வரிசையில் சேரும். பட்டைகளை எண்ணினால் வயது கிடைக்கும், அகலத்தை அளந்தால் வேகம் கிடைக்கும்.

இதை வானத்திலிருந்து அளக்கும் கருவி போரில் வளர்ந்தது. அமெரிக்காவில் கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் விக்டர் வாக்கியர் உருவாக்கிய காந்தமானியை, இரண்டாம் உலகப் போரில் விமானத்தில் கட்டி நீர்மூழ்கிகளைத் தேடினார்கள். 1944 பிப்ரவரியில் ஜிப்ரால்டர் நீரிணையில் அமெரிக்கக் கேடலினா விமானங்கள், தண்ணீருக்கடியில் போன ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றின் இரும்பை இந்தக் கருவியால் மோப்பம் பிடித்தன. நீரிலேயே இறங்கி ஏறும் விமானம் கேடலினா. அதே ரகக் கேடலினாக்கள் அந்த ஆண்டுகளில் நமக்கு அடுத்த புழல் ஏரியில் நின்றன. பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் படைப்பிரிவு 1942 முதல் செங்குன்றத்தைத் தளமாக வைத்து வங்கக் கடலைக் காவல் காத்தது. 

போர் முடிந்ததும் அந்தக் கருவி நிலவியலாளர் கைக்கு வந்தது. கனடா நாடு முழுவதையும் விமானத்தால் காந்த அளவீடு செய்யும் பணிக்குப் பொறுப்பாக இருந்தவர் லாரன்ஸ் மார்லி. கடலடிப் பட்டைகள் காந்தப் புரட்டலின் பதிவு என்று 1963-ல் எழுதி அனுப்பினார். இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. விருந்தில் பேசிக்கொள்ளலாமே தவிர ஆய்விதழில் போடத் தகாது என்ற பாணியில் ஒரு மதிப்புரை வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கேம்பிரிட்ஜின் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூசும் அதே கருத்தை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் ஆதாரம் எங்கே கிடைத்தது தெரியுமா? நம் அரபிக்கடல் பக்கம், கார்ல்ஸ்பர்க் மலைத்தொடரின் மேல் 1962-ல் ‘ஓவன்’ என்ற கப்பல் எடுத்த அளவீட்டில். நவீன நிலவியலின் பெருங்கண்டுபிடிப்புக்கு இந்தியப் பெருங்கடல்தான் சாட்சி என்பதை நாம் உரக்கச் சொல்லிக்கொண்டதே இல்லை.

கார்ல்ஸ்பர்க்கில் கப்பலே போதும், ஆனால் வடதுருவத்தில் கடலே பனிக்கட்டியால் மூடிக் கிடக்கும். கப்பல் நேர்கோட்டில் போக வழியில்லை. அங்கே விமானம்தான் கதி. சோவியத் விமான அளவீடுகளை வைத்து 1968-ல் சோவியத் ஆய்வாளர் கராசிக், அந்தக் கடலடியிலுள்ள கக்கேல் மலைத்தொடரின் இருபுறமும் பட்டைகள் இருப்பதைக் காட்டினார். 1,800 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தொடர், ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் விரிகிறது. உலகிலேயே மெதுவாக விரியும் கடலடித் தொடர் அதுதான். அதற்குத் தெற்கே நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவிலுள்ள கடல் எப்படிப் பிறந்தது என்பதை 1977-ல் எழுதிய இருவரில் ஒருவர், பாட்டியாலாவில் பிறந்து டெல்லியில் படித்த மானிக் தல்வானி. நியூயார்க்கின் லாமாண்ட் ஆய்வகத்துக்கு அவர் இயக்குநராகவும் இருந்தார்.

தென்துருவம் நம் வீட்டு விவகாரம். வங்கக் கடலின் அடித்தரையிலும் நம் பங்குக்கான பட்டைகள் இருந்தாக வேண்டும். ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் வடக்கே 15 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். தெற்கே வர வர மெலிந்தாலும் மூடாமல் விடவில்லை. ஒரே பத்திரத்துக்கு இரண்டு பிரதி, நம் பிரதி சேற்றில் புதைந்துவிட்டது. படிக்கத் தகுந்த மற்றது எண்டர்பி கரைக்கு அப்பால், பனி மிதக்கும் கடலில் இருக்கிறது.

அதைப் படிப்பது எளிதல்ல. பூமியின் காந்தப்புலம், அதை அளக்கும் அலகில், பல்லாயிரம் நானோடெஸ்லா. பட்டைகள் காட்டும் ஏற்ற இறக்கம் சில நூறுதான், சில இடங்களில் அதுவும் இல்லை. விமானத்தின் எஞ்சினும் இறக்கையும்கூடத் தொல்லை தரும் என்பதால் உணரியை வாலில் நீட்டிய கம்பின் நுனியிலோ, ஹெலிகாப்டர் என்றால் நீண்ட கயிற்றில் தொங்கவிட்டோ கொண்டுபோவார்கள். இணையான கோடுகளாகப் பறந்து, குறுக்கே சில கோடுகளும் பறந்து, வெட்டும் புள்ளிகளில் இரண்டு அளவும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பார்கள். துருவத்தில் இன்னொரு சிக்கல் சூரியன். அங்கே துருவ ஒளியோடு சேர்ந்து சூரியன் கிளப்பும் மின்னோட்டங்கள் காந்தமானியை நூற்றுக்கணக்கான நானோடெஸ்லா ஆட்டிவிடும். அதனால் தரையில் ஒரு கருவி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். விமானம் பார்த்ததிலிருந்து தரைக் கருவி பார்த்த ஆட்டத்தைக் கழித்தால்தான் கடலடி பேசும். தரைக் கருவி ரொம்பக் குதிக்கும் நாளில் பறந்தும் பயனில்லை.

அண்டார்க்டிகாவில் ஜப்பானின் ஷோவா நிலையத்தை ஒட்டிய கடலில் ஜெர்மானியரும் ஜப்பானியரும் சேர்ந்து இப்படிப் பறந்து எடுத்த அளவீடுகளை யோகாட், நோகி, லைன்வெபர் மூவரும் 2010-ல் வெளியிட்டார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே இந்தியாவும் அண்டார்க்டிகாவும் பிரிந்த செய்தி இருக்கிறது. அதற்கு முன் 2007-ல் கார்மன் கைனாவும் டயட்மார் மியுல்லரும் அவர்கள் குழுவினரும் எண்டர்பிக் கடலின் கிழக்கே பட்டைகளை எண்ணி, 13 கோடி ஆண்டுக்கு முன் கடல் விரியத் தொடங்கியது என்று எழுதியிருந்தார்கள். மேற்கே பட்டைகள் அப்படித் தெளிவாக இல்லை. இதற்கு ஒரு விளக்கம் உண்டு. சுமார் 12.1 கோடி ஆண்டு முதல் 8.3 கோடி ஆண்டு வரை பூமியின் காந்தம் புரளவே இல்லை. அந்தக் காலத்தில் பிறந்த கடலடியில் எண்ணுவதற்குப் பட்டையே இருக்காது. ஆகவே கிழக்கு, மேற்கு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பிரிந்தனவா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. பட்டை தெரியாத இடத்தை வயதில்லாத இடம் என்று விட்டுவிடாமல், அந்த மௌனத்தையே சான்றாக எடுத்துக்கொண்ட முறை எனக்கு மிகப் பிடித்தது.

நம் நிலத்தின் ஒரு துண்டு அந்தக் கடலிலேயே தங்கிவிட்டது என்பது இன்னும் வியப்பு. கடலடியில் எழும் கெர்கெலன் பீடபூமியை ஒட்டிய எலான் திட்டில் 1998–99-ல் கடலடித் துளையிட்டபோது, ஆற்றில் உருண்ட கூழாங்கற்களில் கார்னெட் கலந்த நைஸ் பாறை கிடைத்தது. கடலடியில் பிறக்க வழியில்லாத கண்டப் பாறை அது. இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து பிய்ந்து போன சிறு கண்டம் என்பதே ஆய்வாளர் முடிவு.

வெள்ளானூர், ஆவடி, மோரை, அம்பத்தூர்ப் பக்கம் போர் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருஞ்சாம்பல் களிப்பாறை வந்தால் குப்பையோடு தள்ளிவிடாதீர்கள். ஒரு கைப்பிடியைப் பையில் போட்டு, ஊர், தேதி, எத்தனை அடி ஆழம் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். மாநிலக் கல்லூரியிலும், கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் துறை இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். தென்துருவக் கடலின் பிரதியை விமானம் விட்டுப் படிக்கிறார்கள். நம் பக்கத்துக் கரைச் சாட்சி நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது, அதை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.