கல்லூரிப் புகழும் மலைநாடும்

கத்தோலிக்கக் கல்லூரிகள் யாவும் இயேசு சபையாருடையனவே என்று கருதுவோர் பலர். இலங்கை வரலாறு வேறு கூறும். 1895 இல் அச்சபையார் வந்தது காலிக்கும் மட்டக்களப்புக்குமே. அங்குப் புனித அலோசியஸ், புனித மிக்கேல் கல்லூரிகள் அவர்களாற் புகழெய்தின. யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியும், 1896 இல் எழுந்த கொழும்புப் புனித சூசையப்பர் கல்லூரியும் அமலமரித் தியாகிகள் வளர்த்தவை. கீர்த்தியில் எள்ளளவும் குறைந்தனவல்ல.

கினிகத்தேனையை உள்ளடக்கிய கண்டி மறைமாவட்டமோ சில்வெஸ்திரு பெனடிக்ற் சபையார் வசமிருந்தது. புனித அந்தோனியார் கல்லூரி அவர்களது பெருமை. கண்டியில் இயேசு சபையார் 1893 இல் நடத்தத் தொடங்கியது குருமடமே. அதுவும் 1955 இல் பூனாவுக்குப் பெயர்ந்தது.

எச்சபையின் புகழாயினும் லயத்துப் பிள்ளைக்கு அது தொலைவிலேயே இருந்தது. பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு தோட்டப் பள்ளி முடியும். பின்னர் கொழுந்துக் கூடைதான். உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஏற்றது. தோட்டப் பள்ளிகளோ 1970கள் வரை காத்திருந்தன.