ஆறு வயது வரை: 45ஆம் பிரிவுக்கு ஓர் உரை

மூலம்: ‘குழந்தைகள் எல்லோருக்கும் ஆறு வயது நிறையும்வரை மழலைப்பருவப் பராமரிப்பும் கல்வியும் கிடைக்கச் செய்ய அரசு முயல வேண்டும்.’

அரசமைப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்வது இவ்வளவே. 2002இல் 86ஆவது திருத்தம் தந்த வடிவம் இது. ராஜபாளையம் பக்கம் மொட்டமலை, விருதுநகர் பக்கம் குல்லூர்சந்தை என்று நம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அவற்றை மனத்தில் வைத்தே உரை சொல்கிறேன்.

குழந்தைகள் எல்லோருக்கும்: வரியின் உயிர் இங்கேதான். பேச்சுரிமை தரும் 19ஆம் பிரிவு ‘குடிமக்கள்’ என்று வரம்பு கட்டுகிறது. இங்கே அது இல்லை. 1983 கலவரத்துக்குப் பின்னும் 1990இலும் படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பால்வாடி வயதில் இருக்கிறார்கள். பலருக்குத் தாயும் இங்கேயே பிறந்தவள். ஆனால் 1987 ஜூலைக்குப் பின் இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது; பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரில் விதி இன்னும் இறுகியது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவும் இல்லை. குடிமகன் என்றும் நுழைய முடியாது, சட்டப்படி அகதி என்றும் நுழைய முடியாது என்ற நிலையில், குழந்தை என்பதற்காகவே திறக்கும் வாசல் இது. உயிர்வாழும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்று 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆறு வயது நிறையும்வரை: ஆறு முதல் பதினான்கு வரை 21ஏ பிரிவு காக்கிறது. அது அடிப்படை உரிமை. இது அல்ல.

பராமரிப்பும் கல்வியும்: 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமே இதற்குக் கைகால். சத்துமாவு, தடுப்பூசி, எடை பார்ப்பது, பாட்டு, விளையாட்டு எல்லாம் இதில் அடக்கம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பங்குண்டு. சத்துமாவை வாங்கிக்கொண்டு போவதோடு தாயின் பங்கு முடிந்துவிட்டால் பாதிப் பொருள் போய்விடும். முகாமில் கணவர் பெயிண்ட் வேலைக்கு வெளியூர் போவார். மனைவி விடிந்ததும் கூலிக்குக் கிளம்புவாள். அவளைப் பதினொரு மணிக்குக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, ‘முகாம் பொம்பளைகளுக்கு அக்கறை இல்ல’ என்பது அநியாயம். வருவாய்த் துறை ‘செக்கிங்’ வரும் நாளில் குடும்பமே முகாமில் இருந்தாக வேண்டும். எடை பார்ப்பதையும் தாய்மாரோடு பேசுவதையும் அன்றைக்கே வைத்துக்கொண்டால் என்ன? ஆள் எண்ணும் நாளுக்கு ஒரு நல்ல பயனாவது இருக்கும். 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்காரர்களையே தொண்டர்களாக்கி வேலை செய்தது. அழைக்கிறவர் தங்களில் ஒருவர் என்றால் தயக்கம் பாதி குறையும்.

அரசு: சென்னையும் டெல்லியும் மட்டுமல்ல. 36ஆம் பிரிவு 12ஆம் பிரிவின் பொருளையே இங்கும் தருகிறது. அதன்படி உள்ளாட்சியும் அரசே. கான்சாபுரம் போன்ற ஒரு கிராம ஊராட்சியும் இதில் அடங்கும்.

முயல வேண்டும்: இதுதான் வழுக்குமிடம். 37ஆம் பிரிவின்படி, முயலவில்லை என்று நீதிமன்றம் போக முடியாது. கேட்டுத்தான் பெற வேண்டும். கேட்கும் இடம் கிராம சபை. அதன் உறுப்பினர் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள். முகாம் தாயின் பெயர் அதில் இல்லை. முகாம் பால்வாடியின் ஒழுகும் கூரைக்குத் தீர்மானம் வேண்டுமென்றால், ஓட்டு உள்ள பக்கத்துத் தெருக்காரர்தான் எழுந்து பேச வேண்டும்.