புனைந்துரை

புனைந்துரை என்னுஞ் சொல் இக்காலத்துப் பொய்யுரைக்கு மறுபெயர்போல வழங்குகின்றது. புனைசுருட்டு என்னும் பிற்கால வழக்கும் அதற்குத் துணையாயிற்று. ஆயின், ஒரு பொருளை அதன் செவ்விய நிலையில் வைத்துச் சிறப்பித்துரைத்தலே பண்டையோர் இதற்குக் கொண்ட பொருளாம். புனைதலாவது தொடுத்தலும் அணிதலுமாம். மாலை புனைவான் பூவைப் படைப்பானல்லன். செடியிற் பூத்தவற்றையே தேர்ந்து தொடுப்பான். நூலுக்கு அணியாதல்பற்றி நன்னூலார் பாயிரத்தின் பெயர்களுள் ஒன்றாகவும் இதனை வைத்தார். (இந்நாளிற் பாயிரம் எழுதுவார் சிலர் நூலிற் காணாத பூக்களையுந் தொடுத்துவிடுகின்றனர், அது வேறு.)

தொல்காப்பியனார் அகத்திணையியலுள், புலனெறி வழக்கம் நாடக வழக்கானும் உலகியல் வழக்கானும் அமையும் என்றார். நாடக வழக்காவது, சுவை பயப்பனவெல்லாம் ஓரிடத்தே நிகழ்ந்தனவாகத் தொகுத்துரைத்தல் என்பது இளம்பூரணர் கருத்து. செல்வம், குலம், ஒழுக்கம், அன்பு என்பவற்றான் ஒத்த இருவர் தமரின் நீங்கித் தனியிடத்து எதிர்ப்படுதலை அவர் எடுத்துக்காட்டினார். இவற்றுள் ஒன்றேனும் உலகில் இல்லாததன்று; எல்லாம் ஒருங்கு கூடுதலே அரிது. நச்சினார்க்கினியர் அந்நாடக வழக்கினைப் புனைந்துரை என்னுஞ் சொல்லாலேயே விளக்கினார்.

ஈண்டு ஒரு தடை எழும். இறையனார் அகப்பொருளுரை, களவொழுக்கம் உலகில் இல்லாததென்றும், இனிமையும் நன்மையும் பற்றிப் புலவர் நாட்டியதென்றுங் கூறும். நூலோ ஆலவாய்ப் பெருமான் அருளியதெனப் போற்றப்படுவது. உரையோ நக்கீரர் வழிவந்தது என்ப. ஆதலின் சைவர் அதனை எளிதிற் கடத்தலாகாது. எனினும் நச்சினார்க்கினியர் உடன்பட்டிலர். உலகியலோடு இயைபில்லையாயின், ஆகாயப்பூ மணந்தது என்பான் கூற்றுப்போல அஃது இகழப்படும் என மறுத்தார். 1885-இல் சி. வை. தாமோதரம் பிள்ளை பொருளதிகாரத்தை அவருரையோடு அச்சிட்டபின் இம்மறுப்புப் பலர்க்குங் கிட்டிற்று. இல்லது தோன்றாதென்னுஞ் சற்காரியவாதம் பயின்ற சித்தாந்திகளுக்கு இஃது உவப்பாதல் இயல்பே. இல்லது என்றது தொகுதியை நோக்கி, உறுப்புக்களை நோக்கியன்று எனக் கொள்ளின் இருவர் கூற்றும் முரணா.

மணிவாசகர் அருளிய திருக்கோவையார் பொய்ப்பொருள்மேல் எழுந்ததோ என ஐயுறுவார்க்கும் விடை இதனுள் உளது. அந்நூலின் 400 செய்யுட்களிலும் கிளவித் தலைவன் பெயர் சுட்டப்படான். அவன் புனைந்துரைக்கு உரியவன். பாட்டுடைத் தலைவனோ தில்லையிற் கூத்தாடும் பெருமான்.