பெடல் ரேடியோவும் சமையலறை மேசையும்: ஆஸ்திரேலிய அம்மாக்கள் நடத்திய பள்ளிக்கூடம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



2020 ஊரடங்குல நான் அக்கா வீட்டுல மாட்டிக்கிட்டேன். டைனிங் டேபிளோட ஒரு மூலையில என் ஆபீஸ் லேப்டாப், இன்னொரு மூலையில ரெண்டாவது படிக்கிற அக்கா பையனோட ஆன்லைன் கிளாஸ். கிளாஸ் நாற்பது நிமிஷம்தான். ஆனா அதுக்கு முன்னாடி பையனை எழுப்பிப் பல் தேய்க்க வைக்கணும், நடுவுல மியூட் எடுத்து விடணும், முடிஞ்சதும் வீட்டுப்பாடம் எழுத வச்சு போட்டோ எடுத்து அனுப்பணும். எல்லாம் அக்காதான். அடுப்புல குக்கர், இடுப்புல சின்னவ. ஒரு நாள் ஸ்கூல் ஃபீஸ் கட்டச் சொல்லி மெசேஜ் வந்துச்சு. அக்கா போனைப் பார்த்துட்டு என்கிட்ட கேட்டா: "ஏன்டா தம்பி, பாடம் எடுத்தது அவங்களா, நானா?" நான் சிரிச்சுட்டு ஹெட்செட்டை மாட்டிக்கிட்டேன்.

இந்த எபிசோடுக்கு நான் முதல்ல எடுத்த சப்ஜெக்ட் வேற. எனக்குப் பழைய ஹார்ட்வேர் மேல ஒரு பைத்தியம் உண்டு. ஆஸ்திரேலியப் பாலைவனத்துல சைக்கிள் பெடல் மிதிச்சு ஓட்டின ஒரு ரேடியோ, அந்த ரேடியோ வழியா நடந்த ஒரு பள்ளிக்கூடம். 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்'. இதைப் பத்திதான் நாற்பது நிமிஷம் பேசப் போறேன்னு குறிப்பு எடுத்துக்கிட்டிருந்தேன். எடுக்க எடுக்க, அக்கா கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வந்து நின்னுச்சு.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். ஆஸ்திரேலியாவோட நடுப்பகுதி. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்னு ஒரு சின்ன ஊர். அதைச் சுத்தி எந்தப் பக்கம் போனாலும் செம்மண், புதர், நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒண்ணுமில்ல. நடுநடுவுல 'ஸ்டேஷன்'கள். ரயில்வே ஸ்டேஷன் இல்லீங்க, அங்க ஸ்டேஷன்னா மாட்டுப் பண்ணை. நம்ம ஊர் தாலுகாவை விடப் பெரிய பண்ணைகள் சர்வசாதாரணம். பண்ணைக்கு ஒரு வீடு, சில வேலையாட்கள், அவ்வளவுதான். பக்கத்து வீடுன்னா ஒரு நாள் பயணம். இங்க ஒரு குழந்தைக்கு ஆறு வயசானா எங்க படிக்கும்?

வசதி இருந்தா போர்டிங். ஆறு ஏழு வயசுல வீட்டை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஹாஸ்டல். அது முடியலைன்னா அம்மா. வேற வழியே கிடையாது.

1914ல விக்டோரியா மாநிலம் தபால் வழிக் கல்வியைத் தொடங்குச்சு. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றின. நகரத்துல இருக்கிற ஆசிரியர் பாடத்தை எழுதி உறையில போட்டு அனுப்புவார். பண்ணை வீட்டுல குழந்தை எழுதி முடிச்சதும் அந்த உறை திரும்பப் போகும். திருத்தி மறுபடி வரும். இது முழுச் சுற்று முடிய வாரக்கணக்குல ஆகும். மழைக்காலத்துல மண் ரோடு அறுந்துபோனா இன்னும் தாமதம். நம்ம பாஷையில சொன்னா லேட்டன்சி மூணு வாரம், பாக்கெட் லாஸ் வேற! இன்னிக்கு ஒரு குழந்தை கழித்தல்ல கடன் வாங்கத் தெரியாம முழிக்குதுன்னு வைங்க. ஆசிரியர் அதைக் கண்டுபிடிச்சுப் பதில் எழுதி அது வந்து சேர்றப்ப, குழந்தை வகுத்தலுக்குப் போயிருக்கும். அந்த இடத்துலேயே சொல்லிக்கொடுக்க ஒரே ஆள்தான் இருந்தாங்க. அந்தக் காகிதத்துல அவங்க பேர் ஆசிரியர் இல்ல, மேற்பார்வையாளர்.

இப்ப ரேடியோவுக்கு வருவோம், இதை என்னால விட முடியாது.

ஜான் ஃப்ளின்னு ஒரு பாதிரியார். தொலைதூரப் பண்ணைகள்ல யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா விமானத்துல டாக்டரை அனுப்பணும்ங்கிறது அவரோட கனவு. 1928ல குயின்ஸ்லாந்தோட கிளான்கரியிலிருந்து அந்தச் சேவை ஆரம்பமாச்சு. சரி, விமானம் இருக்கு, டாக்டர் இருக்கார். உடம்பு சரியில்லைன்னு அவருக்கு எப்படிச் சொல்றது? டெலிபோன் கிடையாது. கரண்ட் கிடையாது. அன்னிக்கு இருந்த பேட்டரிகளைத் தூக்கிட்டுப் போறதே பெரும்பாடு.

அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் ட்ரேகர்ங்கிற எலக்ட்ரிகல் ஆள் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். டைனமோவோட சைக்கிள் பெடலை இணைச்சார். ஒரு சாதாரண மனுஷர் அலட்டிக்காம மிதிச்சா 20 வாட்ஸ், சுமார் 300 வோல்ட் வந்துச்சு. கை ரெண்டும் ஃப்ரீ. 1929ல ஆகஸ்டஸ் டவுன்ஸ் பண்ணையில முதல் செட்டை வச்சாங்க.

ஆனா ஒரு பிரச்சினை. அந்த செட்ல பேச முடியாது, மோர்ஸ் கோடுலதான் தகவல் அனுப்பணும். ஆம்பளைங்க விடிஞ்சா மாட்டு மேய்ச்சலுக்குக் கிளம்பிடுவாங்க. செட்டு முன்னாடி உட்கார்றது வீட்டுப் பெண்கள். பெடல் மிதிச்சுக்கிட்டே புள்ளி கோடு தட்டப் பழகறது லேசுல வரல. ட்ரேகர் பயனரைக் குறை சொல்லல. டைப்ரைட்டர் மாதிரி ஒரு கீபோர்டு செஞ்சார். எழுத்தை அமுக்கினா மெஷினே அதுக்கான மோர்ஸை அனுப்பிடும். என்னைக் கேட்டா பெடலை விட இதுதான் பெரிய கண்டுபிடிப்பு. யார் இதைப் பயன்படுத்தப் போறாங்கன்னு அவர் சரியாப் பார்த்தார். கொஞ்ச வருஷத்துல நேரடியா குரல்லயே பேசற வசதியும் வந்துடுச்சு.

அந்த ரேடியோ வந்த பிறகு பண்ணை வீட்டுப் பெண்ணோட நாள் எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. விடியற்காலை எழுந்து வீட்டாளுங்களோட வேலையாட்களுக்கும் சேர்த்துச் சமையல். பிறகு ரேடியோவுல டாக்டர் நேரம். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு மருந்துப் பெட்டி கொடுத்திருந்தாங்க. மருந்து பேரெல்லாம் தெரிய வேண்டாம், எல்லாத்துக்கும் நம்பர். டாக்டர் இந்த நம்பர் மாத்திரை இத்தனைன்னு சொல்வார், அம்மா கொடுப்பாங்க. அதனால அவங்கதான் நர்ஸ். அப்புறம் தந்தி நேரம், அதனால தபால் குமாஸ்தா. அப்புறம் பெண்கள் தங்களுக்குள்ள பேசிக்கிற நேரம் ஒண்ணு உண்டு, அதுக்கு 'கலா செஷன்'னு பேர். நம்ம கலா அக்கா இல்ல, கலான்னா அங்க ஓயாம கத்துற ஒரு ரோஸ் கலர் கிளி. பெண்கள் பேசினா கிளி கத்துற மாதிரியாம். மாசக்கணக்குல இன்னொரு பெண்ணோட முகத்தையே பார்க்காதவங்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் என்னவா இருந்திருக்கும்னு அந்தப் பேரை வச்சவங்க யோசிச்சிருக்க மாட்டாங்க.

இத்தனைக்கும் நடுவுலதான் தபால்ல வந்த பாட உறையைப் பிரிச்சு, சமையலறை மேசையிலயோ வராந்தாவுலயோ வேற வேற வகுப்புல இருக்கிற ரெண்டு மூணு பிள்ளைகளை உட்கார வைக்கணும். மூத்தவனுக்குப் பின்னம், சின்னவளுக்கு எழுத்து. அந்த அம்மாக்கள்ல பல பேர் தாங்களே அதிகம் படிச்சவங்க இல்ல.

அடிலெய்ட் மீத்கிங்கிற கல்வியாளர் இந்தக் குழந்தைகளைப் பார்த்தார். தெற்கு ஆஸ்திரேலியாவுல பள்ளி இன்ஸ்பெக்டரா இருந்தவர், பறக்கும் டாக்டர் சேவையிலயும் முக்கியப் பொறுப்புல இருந்தார். அவர் கண்ணுல முதல்ல பட்டது இந்தப் பிள்ளைகளோட கூச்சம். வெளியாள் வந்தா வாயே திறக்க மாட்டாங்க. அதே சமயம் ரேடியோவைக் கையாளறதுல கெட்டிக்காரங்க. அப்ப அந்த ரேடியோவுலயே ஒரு வகுப்பறையை வச்சா என்ன?

1951 ஜூன் மாசம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல அது அதிகாரபூர்வமா தொடங்குச்சு. ஆரம்பத்துல வாரத்துக்கு மூணு ஒலிபரப்பு, ஒவ்வொண்ணும் அரை மணி நேரம். ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்கும். சீக்கிரமே பாட முடிவுல கேள்வி கேட்கிற நேரத்தையும் சேர்த்தாங்க. பட்டனை அமுக்கிப் பேசணும், முடிச்சதும் 'ஓவர்' சொல்லணும். ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியாது. இரைச்சலுக்கு நடுவுல குரல் மட்டும்தான். தன் வயசுல இன்னொரு பிள்ளை இருக்கான்னே பல பேருக்கு அப்பதான் தெரிஞ்சுது. 1956ல நியூ சவுத் வேல்ஸோட ப்ரோக்கன் ஹில்லுக்கும் இது பரவி, பிறகு நாடு முழுக்க வந்துச்சு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பள்ளியோட பரப்பு மட்டும் சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை விடப் பத்து மடங்கு பெரிய வகுப்பறை.

இந்தக் கதை உலகம் முழுக்கப் போச்சு. டாக்குமெண்டரி, நியூஸ், டூரிஸ்ட் பஸ் எல்லாம். அழகான கதைதான், மறுக்கல. ஆனா எனக்குக் கணக்கு உதைச்சுது. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ரேடியோ. ஒரு பிள்ளை வாரத்துக்கு இருபது மணி நேரமாவது படிக்குதுன்னு வைங்க. மிச்ச பதினெட்டரை மணி நேரம் யார் கணக்கு? போட்டோக்கள்ல மைக் முன்னாடி ஆசிரியர் இருப்பாங்க, ஹெட்போன் மாட்டின குழந்தை இருக்கும். குழந்தைக்குப் பக்கத்துல, ஃப்ரேமோட ஓரத்துல, ஒரு கை மட்டும் புத்தகத்தைத் திருப்பிக்கிட்டிருக்கும். நான் பார்த்த வரைக்கும் இப்படித்தான்.

இதுக்குப் பின்னாடி இன்னொரு ஆள் இருக்காங்க, அவங்களைச் சொல்லாம விட்டா நானும் அதே போட்டோவைத்தான் எடுக்கிறேன்.

அந்தப் பண்ணைகள் இருந்தது அபாரிஜினல் மக்களோட நிலத்துல. பண்ணை வீட்டு அம்மாவுக்கு காலையில ரெண்டு மணி நேரம் பிள்ளைகளோட உட்கார முடிஞ்சுதுன்னா, பல வீடுகள்ல அதுக்குக் காரணம் துணி துவைச்சு, பாத்திரம் தேய்ச்சு, கைக்குழந்தையைத் தூக்கி வச்சிருந்த ஒரு அபாரிஜினல் பெண். அவங்களுக்குக் கிடைச்ச கூலி பல இடத்துல மாவு, சர்க்கரை, டீத்தூள், கொஞ்சம் துணி. மாட்டுப் பண்ணைகள்ல வேலை செஞ்ச அபாரிஜினல் தொழிலாளர்களுக்குச் சம கூலி தரணும்னு தீர்ப்பு வந்ததே 1966லதான். அதுவும் 1968 டிசம்பர்ல இருந்துதான் அமல்.

அவங்க பிள்ளைகள்? அதே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வட்டாரத்துல 1914ல இருந்து 1942 வரைக்கும் 'தி பங்களா'ன்னு ஒரு விடுதி இருந்துச்சு. கலப்புப் பிறப்புன்னு அரசாங்கம் முத்திரை குத்தின அபாரிஜினல் குழந்தைகளை அம்மாக்கள்கிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டுவந்து வச்ச இடம். விடுதியை மூடின பிறகும் பிள்ளைகளைப் பிரிக்கிற கொள்கை பல வருஷம் தொடர்ந்துச்சு. பண்ணைக்காரர் பிள்ளை வீட்டை விட்டுப் போகாம படிக்கணும்னு வானத்துல ஒரு பள்ளியே கட்டின ஊர் அது. இந்த ரெண்டையும் ஒரே எபிசோடுல சொல்லாம எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. மீத்கியோட யோசனை நல்ல யோசனை. அது யாருக்குத் தோணுச்சு, யாருக்காகத் தோணுச்சுங்கிறதும் வரலாறுதான்.

1971ல ஒரு திருப்பம். வறட்சி, கூடவே கம்பளி விலைச் சரிவு. போர்டிங் ஃபீஸ் கட்ட முடியாத குடும்பங்கள் நியூ சவுத் வேல்ஸோட பர்க் ஊர்ல கூடி, தனித்து வாழும் பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. முன்னால நின்னு கடிதம் எழுதினதுல, கூட்டம் கூட்டினதுல அம்மாக்கள் பெரும்பங்கு. ரேடியோவுல பேசிப் பழகின பெண்கள், இப்ப அமைச்சர்கள்கிட்ட பேச ஆரம்பிச்சாங்க. 1973ல மத்திய அரசு தனித்து வாழும் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்துச்சு.

அந்தப் பணம் பிள்ளையோட படிப்புச் செலவுக்கு. விடுதிக் கட்டணம், தபால் கல்விச் செலவு, இப்படி. மேசைக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஆளோட நேரத்துக்கு அதுல இடமில்ல. கையில காசு இருக்கிற குடும்பம் சம்பளத்துக்கு ஒரு 'கவர்னஸ்' பெண்ணை வைக்கும். அதே வேலையை அம்மா செஞ்சா அது வேலையே இல்ல. வீட்டிலிருந்து கற்பிக்கிறவங்களுக்குத் தனியா ஒரு படி வேணும்ங்கிறது அந்தச் சங்கத்தோட பல வருஷக் கோரிக்கை.

2000களுக்குப் பிறகு பெடல் ரேடியோ இருந்த இடத்துக்கு சாட்டிலைட் வந்துடுச்சு. கூரை மேல டிஷ், மேசையில கம்ப்யூட்டர். ஆசிரியர் ஸ்டுடியோவுல நின்னு எழுதறது பண்ணை வீட்டுத் திரையில தெரியும். 'ஓவர்' சொல்ல வேண்டாம், கை தூக்கற பட்டன் இருக்கு. பள்ளிகளே இப்ப வீட்டுல கற்பிக்கிறவரை 'ஹோம் டியூட்டர்'னு வெளிப்படையா சொல்றாங்க, அவங்களுக்குப் பயிற்சியும் தர்றாங்க. பெரும்பாலும் அது இன்னமும் அம்மாதான்.

ரெக்கார்டிங் முடிச்சதும் அக்காவுக்குப் போன் பண்ணி, 2020ல நீ கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "எந்தக் கேள்வி?"ன்னா. சொன்னேன். "ஓ அதுவா... ஃபீஸ் கட்டிட்டேன்டா அப்பவே. சரி, சின்னவளுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை, வை போனை"ன்னுட்டா.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.