கூரையை மாற்றினோம், வெளிச்சத்தை எங்கே விட்டோம்?

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து மாத்தூர், எழிச்சூர், வல்லக்கோட்டை என்று எந்தப் பக்கம் உள்ளே போனாலும் இன்னும் ஒன்றிரண்டு பழைய ஓட்டு வீடுகள் கண்ணில் படும். அவற்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள். பிள்ளைகள் ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்வது ஒன்றுதான்: "ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தளம் போட்டுவிடலாமே!" ஒழுகல், குரங்குத் தொல்லை, கரையான் எல்லாம் உண்மைதான். பிள்ளைகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தளம் போட்ட வீடுகளில் இப்போது பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் எரிகிறது. முன்பு அப்படி இல்லையே, ஏன்? நம் பக்கத்துக் கூரைகள் மாறிய கதையைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

நம் தாத்தா காலத்தில் வீடு என்றால் மூன்று வகை: கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு. ஒரு குடும்பத்தின் நிலைமையைச் சொல்ல இந்த மூன்று வார்த்தைகளே போதும். ஓட்டு வீட்டில் பனங்கையின் மேல் நாட்டு ஓடு அடுக்கியிருக்கும். குயவர் சக்கரத்தில் செய்து சுட்ட ஓடு அது. காற்றிலும் குரங்கு ஓடுவதாலும் நகர்ந்துவிடும். அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே ஓட்டைப் பிரித்து மேய்ந்துவிட வேண்டும்.

அந்த வீடுகளின் பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும். தெருப் பக்கம் சின்ன ஜன்னல் ஒன்றோ இரண்டோதான். அப்படியானால் உள்ளே வெளிச்சம் எங்கிருந்து வந்தது? முற்றத்திலிருந்து. நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, நடுவில் வானம் தெரியும். மழை பெய்தால் மூலையில் அண்டா வைத்துத் தண்ணீர் பிடிப்பார்கள். சூடான காற்று மேலே போகவும் அதுவே வழி. சுவரில் ஜன்னல் வைக்க இடமில்லாத வீட்டுக்குக் கூரையே ஜன்னலாக இருந்தது.

பிறகு வந்தது மங்களூர் ஓடு. ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும் இந்த ஓட்டு வகைக்கு 1841-ல் பிரான்சில் ஜிலார்டோனி சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். ஜெர்மன்காரரான பிளெப்ஸ்ட் 1865-ல் பாசல் மிஷனுக்காக மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். நாட்டு ஓட்டைப் போல வருஷா வருஷம் மேய வேண்டியதில்லை என்பதால் நம் பக்கத்து வீடுகளிலும் அது ஏறிவிட்டது.

அதே அளவில், அதே வடிவத்தில் கண்ணாடி ஓடும் விற்றார்கள். ஒரு மண் ஓட்டை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி ஓட்டை வைத்தால் போதும், இருட்டு அறையில் வெளிச்சம் இறங்கிவிடும். என் தாய்மாமன் வீட்டுச் சமையற்கட்டில் அப்படி ஒன்று இருந்தது. தரையில் விழும் வெயில் சதுரம் அம்மிக் கல்லுக்கு வந்தால் அத்தை உலை வைப்பாள். கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. இன்று 'ஸ்கைலைட்' என்று புதுசு போலச் சொல்கிறார்களே, அதை நம் வீடுகள் எப்போதோ பார்த்துவிட்டன.

மெத்தை வீடு வேறு வித்தை. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்லும் தளம் அது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மெல்லிய அச்சுக்கல்லைச் செங்குத்தாக, கோணமாகச் சுண்ணாம்பில் பதித்துக்கொண்டே போவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. கம்பியும் இல்லை, சிமெண்டும் இல்லை. கட்டையின் முனை சுவருக்குள் ஈரத்தில் இற்றுப்போகாதவரை தலைமுறை தலைமுறையாக நிற்கும்.

சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது நினைவிருக்கும். இடிந்ததை இடித்தே தள்ளிவிடாமல், பொதுப்பணித்துறை அதைப் பழைய முறையில் புதுப்பித்தது. அரசு மனது வைத்தால் முடிகிறது. தனி வீட்டுக்காரருக்கு இன்று தேக்கு விலையும் கட்டாது, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் சுலபத்தில் கிடைக்க மாட்டார்.

இந்தியாவில் சிமெண்டு தயாரிக்கும் தொடக்ககால முயற்சிகளில் ஒன்று 1904-ல் சென்னையில் நடந்தது. ஆனால் காங்கிரீட் தளம் கிராமத்துக்குள் வர வெகுகாலம் ஆயிற்று. வந்தபின் மனசில் ஆழமாகப் பதிந்ததற்குக் காரணம் உண்டு. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. 2010-ல் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. காங்கிரீட் என்றால் பாதுகாப்பு என்ற எண்ணம் நியாயமாகவே வந்தது. குடிசையில் தீயோடும் மழையோடும் வாழ்ந்தவர்களிடம் போய்ப் பழைய கூரையின் பெருமை பேசுவது சரியில்லை.

ஆனால் அதோடு கூடவே முற்றமும் மூடப்பட்டது. திருடன் பயம், குரங்குப் பயம், ஒரு அறை கூடுதலாக வேண்டும் என்ற ஆசை. நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998-ல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-லும், டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை 2012-லும் திறந்தன. வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தங்க அறை வேண்டும். வாடகை வரும் என்றதும் பல பழைய வீடுகளில் முற்றத்துக்கு மேல் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டு மூடி, கூடத்தை அறை அறையாகத் தடுத்துவிட்டார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்த பையன் பகலில் அந்த வெக்கையில் படுத்துப் புரள்கிறான். பக்கத்து அறைக்காரன் சட்டைக்குப் பட்டன் தைக்கவும் லைட் போடுகிறான்.

இத்தனைக்கும் அவன் வேலை செய்யும் இடத்தில் கூரையிலிருந்துதான் வெளிச்சம் வருகிறது. கோயம்புத்தூர் மில்களின் கூரை அந்தக் காலத்திலேயே ரம்பப் பல் போல இருக்கும். அதில் வடக்கு முகத்தில் கண்ணாடி வைத்திருப்பார்கள். வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வர அந்த ஏற்பாடு. இன்றைய ஷெட்களில் தகரத்துக்கு நடுவே ஒளி ஊடுருவும் ஷீட்டை வரிசையாகப் பதிக்கிறார்கள். தொழிற்சாலைக்காரர் மின்சாரக் கணக்குப் பார்க்கிறார். நாம்தான் நம் வீட்டுக்கு அதைப் பார்ப்பதில்லை.

கூரையை மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாற்றலாம். ஆனால் வெளிச்சத்துக்கு வழி தளம் போடும் முன்பே வரைபடத்தில் இருக்க வேண்டும். போட்ட தளத்தைப் பிறகு வெட்டினால் கம்பி அறுபடும், ஒழுகலும் தொடங்கும். திறப்பைச் சுற்றி அரை அடி உயரத்துக்குக் கட்டை எழுப்பி, அதன் மேல் கண்ணாடியைச் சற்றுச் சாய்வாக வைத்தால் தண்ணீர் நிற்காது. உடைந்தாலும் தலையில் கொட்டாத, படலம் ஒட்டிய இரட்டைக் கண்ணாடிதான் வேண்டும். 2016 டிசம்பர் வர்தா புயலில் நம் பக்கத்தில் ஷீட்டுகள் பறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே சட்டத்தை நன்றாகப் பிணைக்க வேண்டும்.

இன்னொன்று, வடக்குப் பக்கம் வெயில் வராது என்று புத்தகத்தில் படித்ததை அப்படியே நம்பக் கூடாது. அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும். அதனால் திறப்பு சிறியதாக இருப்பதே நல்லது. கண்ணாடிக்குக் கீழே பக்கவாட்டில் வலை போட்ட காற்றுத் துவாரம் விட்டால் வெக்கை வெளியேறும்.

பிரித்த மங்களூர் ஓட்டையும் வீணாக்க வேண்டாம். லாரி பேக்கர் கேரளத்தில் பிரபலமாக்கிய முறையில், காங்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் பழைய ஓட்டைப் பதித்துவிடலாம். சிமெண்டும் குறையும், சூடும் ஓரளவு குறையும். இதில் கம்பிக் கணக்கு தெரிந்த பொறியாளர் அவசியம். முற்றம் உள்ள வீட்டைப் பார்த்தே இராத பேரப் பிள்ளைகளை முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். 1996-ல் திறந்த அந்த இடத்தில் அப்படிப்பட்ட வீடுகளுக்குள்ளேயே நடந்து பார்க்கலாம்.

ஓட்டைப் பிரிக்க ஆள் வரும் நாளுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் வெளிச்சம் எங்கெங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கொத்தனார் வந்ததும் அந்தக் கோடுகளைக் காட்டிவிட்டு, பிறகு விலை பேசுங்கள்.