பாம்புச் சட்டையும் பாம்புத் தோலும்

கழனிப் பக்கம் நடந்து பழகினவங்களுக்குப் பாம்புச் சட்டை புதுசு இல்ல. வரப்பு ஓரத்துல, முள்ளுக்குத்துல, கரும்புத் தோகைக்கு அடியில, கல்லு இடுக்குல வெள்ளையா, கண்ணாடி மாதிரி மெல்லிசா கிடக்கும். காத்துல அசையும். டவுன்ல இருந்து வர்ற பிள்ளைங்க அதைப் பார்த்துட்டு "பாம்பு செத்துக் கிடக்கு"ன்னு கத்துதுங்க. செத்ததில்ல. வளர்ந்த அடையாளம்.

எங்க செங்கல்பட்டுப் பக்கத்துல இந்தச் சட்டைக்குப் பின்னால ஒரு பெரிய சரித்திரமே இருக்கு. அதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். பட்டணத்துல இப்போ சில பேரு வெளிநாட்டுப் பாம்புக்குட்டியை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில வளர்க்கறாங்களாம். அது முதல் தடவை சட்டை உரிக்கறப்போ பயந்துபோய் நாலு பேரைக் கேக்கறாங்களாம். அவங்களும் இதைத் தெரிஞ்சுக்கிட்டா நல்லது.

முதல்ல சட்டை எப்படி உரியுதுன்னு சொல்லிடறேன்.

பாம்போட மேல்தோல் நம்ம தோல் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா உதிராது. அடியில புதுத்தோல் தயாரானதும் மேல இருக்கறது மொத்தமா கழண்டு வரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு நீர் ஊறும். அப்போ பாம்போட நிறம் மங்கும். கண்ணு பால் படிஞ்ச மாதிரி நீலமா ஆயிடும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணு மேல ஒரு தெளிவான மூடி இருக்கு, அதுவும் சட்டையோட சேர்ந்ததுதான். அந்தச் சில நாள் பாம்புக்குப் பார்வை சரியா இருக்காது. பெரும்பாலும் இரை எடுக்காது, ஒளிஞ்சே கிடக்கும், சீக்கிரம் சீறும். அப்புறம் கண்ணு தெளியும். தெளிஞ்ச சில நாள்ல மூக்கைக் கல்லுல, கட்டையில தேய்க்கும். உதட்டு ஓரத்துல தோல் கிழியும். அங்கிருந்து பாம்பு முன்னால ஊர்ந்து போகப் போக, காலுறையைக் கழட்டற மாதிரி சட்டை உள்பக்கம் வெளியில திரும்பிக்கிட்டே கழண்டு வரும்.

அதனால வரப்புல கிடக்கற சட்டையோட தலைப்பக்கம்தான் பாம்பு ஆரம்பிச்ச இடம். வால் நுனி எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கோ, அந்தப் பக்கம் பாம்பு போயிருக்கு. இருளர் ஆளு ஒருத்தர் சட்டையைக் கையில எடுத்தாருன்னா, செதில் அமைப்பையும் லேசா தெரியற கோட்டையும் பார்த்து இது சாரையா, நல்லபாம்பா, விரியனான்னு சொல்லிடுவாரு. ஈரப்பசை இருக்கா, காஞ்சு மொறுமொறுன்னு ஆயிடுச்சான்னு பார்த்து எத்தனை நாள் ஆச்சுன்னும் சொல்லுவாரு. பள்ளிக்கூடத்துல கத்துக்கொடுக்கற படிப்பில்ல அது.

முட்டையில இருந்து வந்த குட்டி பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள முதல் சட்டையை உரிச்சுடும். வளர்ற வயசுல அடிக்கடி உரிக்கும், பெருசான பிறகு இடைவெளி கூடும். காத்துல ஈரம் இருந்தா ஒரே துண்டா வரும். வறட்சியா இருந்தா துண்டு துண்டா வரும், வால் நுனியிலயும் கண்ணு மேலயும் ஒட்டிக்கும். கழனியில பாம்பு தானா ஈரம் உள்ள வளையைத் தேடிக்கிட்டுப் போகும். பெட்டிக்குள்ள இருக்கறதுக்கு அந்த வழி கிடையாது. வளர்க்கறவங்கதான் ஈரப்பாசி போட்ட ஒரு சின்ன டப்பாவும், உடம்பை உரச ஒரு சொரசொரப்பான கல்லும் வைக்கணும். கண்ணு மங்கினா தொடக்கூடாது. கையால பிடிச்சு இழுக்கவே கூடாது. கண்மூடி ஒட்டிக்கிட்டா நகத்தால கிள்ளாம கால்நடை டாக்டர்கிட்ட காட்டணும். அவ்வளவுதான் பராமரிப்பு. மத்ததைப் பாம்பே பார்த்துக்கும்.

நம்ம முன்னோர் இந்தச் சட்டையை அருவருப்பா பார்க்கல. கரிகாலனைப் பத்தின பொருநராற்றுப்படையில, அரசன் கொடுத்த மெல்லிய துணிக்குப் பாம்புச் சட்டையைத்தான் உவமையா சொல்லியிருக்கு. நெசவோட இழை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நைசான துணியாம் அது.

இது வரைக்கும் சட்டை. இனிமே தோல்.

"தோல் உரிக்கறது"ன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு. பாம்பு தானா உரிக்கறது ஒண்ணு. மனுசன் உரிக்கறது இன்னொண்ணு. தானா கழண்ட சட்டையில கைப்பையோ செருப்போ செய்ய முடியாது. காகிதம் மாதிரி கிழிஞ்சுடும், நிறமும் இருக்காது. அதுக்கு அடித்தோல் வேணும். அடித்தோல் வேணும்னா பாம்பைக் கொல்லணும்.

போன நூற்றாண்டுல வெளிநாட்டுல பாம்புத்தோல் கைப்பை, செருப்பு, பெல்ட்டுன்னு மோகம் வந்துச்சு. இந்தியாவுல இருந்து வருஷா வருஷம் லட்சக்கணக்கான தோல் கப்பல் ஏறிச்சு. சென்னை அந்த வியாபாரத்துக்கு முக்கியமான ஊரு. பாம்பு எங்கிருந்து வந்துச்சு? எங்க கழனியில இருந்தும் ஏரிக்கரையில இருந்தும்தான். பிடிச்சுக் கொடுத்தவங்க இருளருங்க.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து இருளருங்களுக்குன்னு நிலம் கிடையாது. ஏரிக்கரையில, புறம்போக்குல குடிசை. காட்டுல கிழங்கு, தேன், மூலிகை எடுப்பாங்க. கழனியில எலி பிடிப்பாங்க. எலி வளையில மண்பானை வச்சுப் புகை போட்டு, எலியையும் பிடிச்சு, அது சேர்த்து வச்ச நெல்லையும் தோண்டி எடுப்பாங்க. எங்களுக்கு எலி போச்சு, அவங்களுக்குச் சோறு ஆச்சு. தோல் வியாபாரம் வந்ததும் பாம்புக்கும் விலை வந்துச்சு. அப்பா சொல்லுவாரு, சாக்குப்பை நிறைய சாரைப்பாம்பைக் கட்டித் தோள்ல போட்டுக்கிட்டு வரப்புல வரிசையா போவாங்களாம். ஒரு தோலுக்கு அவங்க கையில வந்தது சில்லறைக்காசு. பணம் பண்ணது நடுவுல இருந்தவங்க.

அதிகமா போனது சாரைதான். நீளமான பாம்பு, தோல் பெருசா கிடைக்கும். விஷம் இல்ல, பிடிக்கறதும் சுலபம். கழனிக்கு எலியைத் தின்னு உதவறதுல முதல் ஆளும் அதுதான். நெல்லு வெளைவிக்கறவனோட கூட்டாளியைப் பிடிச்சு யாரோ ஒரு சீமாட்டியோட கைப்பை ஆக்கினாங்கன்னுதான் இதைச் சொல்லணும்.

1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1976-ல பாம்புத்தோல் ஏற்றுமதியையும் தடை பண்ணாங்க. பாம்புக்கு நல்ல காலம். இருளருக்கு? வியாபாரிங்க வேற சரக்குக்கு மாறிக்கிட்டாங்க. இருளருக்கு மாற வேற என்ன இருந்துச்சு? நேத்து வரைக்கும் தொழில், இன்னைக்குக் குற்றம். அதே சாக்குப்பையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனா இப்போ கேஸு. சட்டம் போட்டவங்க பாம்பை நினைச்ச அளவுக்கு, பாம்பைப் பிடிச்சு வயித்தைக் கழுவினவங்களை நினைக்கலைன்னுதான் எனக்குத் தோணுது.

நினைச்ச சில பேரும் இருந்தாங்க. அதுல ஒருத்தர் ரோமுலஸ் விட்டேகர். அமெரிக்காவுல பிறந்து, சின்ன வயசுலயே இந்தியாவுக்கு வந்தவரு. 1969-ல சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கினாரு. முதல்ல சேலையூர்ல இருந்துச்சு, அப்புறம் கிண்டிக்கு வந்துச்சு. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுல நீங்க போயிருப்பீங்களே, அதேதான். இருளரோட காடு மேடு சுத்தினவரு, அவங்க அறிவு எப்படிப்பட்டதுன்னு அவருக்குத் தெரியும்.

1978-ல இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவாச்சு. யோசனை ரொம்பச் சாதாரணம். பாம்பைப் பிடிக்கற திறமை அதேதான், கொல்றது மட்டும் கிடையாது. விஷத்தை எடுத்துக்கிட்டு திரும்ப விட்டுடறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில வடநெம்மேலியில, முதலைப் பண்ணை வளாகத்துல இன்னைக்கும் நடக்குது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்னு நாலு பாம்பு. நம்ம நாட்டுல பாம்புக்கடி சாவுல பெரும்பங்கு இந்த நாலுக்கும்தான்.

பிடிச்சுக்கிட்டு வந்த பாம்பை மண்பானையில வச்சு, வாயைத் துணியால கட்டி வைப்பாங்க. பானை குளிர்ச்சியா இருக்கும், இருட்டாவும் இருக்கும். பாம்புக்கு அது வளை மாதிரி. வாரத்துக்கு ஒரு தடவைன்னு சுமார் ஒரு மாசத்துல நாலு தடவை விஷம் எடுப்பாங்க. கண்ணாடிக் குடுவை வாயில இழுத்துக் கட்டின சவ்வைப் பாம்பு கடிக்கும், விஷம் உள்ள சொட்டும். அப்புறம் அடிவயித்துச் செதில்ல சின்னதா ஒரு அடையாளம் வெட்டிட்டுக் காட்டுல விட்டுடுவாங்க. அடையாளம் எதுக்குன்னா, அதே பாம்பைத் திரும்பப் பிடிச்சாத் தெரியணும், உடனே விட்டுடணும். சில தடவை சட்டை உரிச்ச பிறகு அந்த அடையாளம் மங்கிப்போயிடும். அதுக்குள்ள பாம்பும் தேறியிருக்கும். எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும். தோலை உரிச்ச அதே கையி, இப்போ பாம்பு தானா சட்டை உரிக்கற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கு.

எடுத்த விஷத்தை உறைய வச்சுப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிங்களுக்கு விப்பாங்க. அங்க குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா செலுத்தி, குதிரை ரத்தத்துல உண்டாகற எதிர்ப்புச் சத்தைப் பிரிச்சுப் பாம்புக்கடி மருந்து பண்றாங்க. நாட்டுல இந்த மருந்துக்கு ஆதாரமான விஷத்துல பெரும்பகுதி இந்தச் சங்கத்துல இருந்துதான் போயிருக்கு. 2000-த்துல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால செத்தவங்க சுமார் 12 லட்சம்னு ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு. வருஷத்துக்கு சராசரியா 58,000 பேரு. பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. நாத்து நட்ட, களை எடுத்த, ராத்திரி தண்ணி கட்டப்போன எங்களை மாதிரி ஆளுங்க. நவரைப் பயிருக்குத் தண்ணி பாய்ச்ச ராத்திரியில டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போற ஒவ்வொருத்தனும், நிலம் இல்லாத அந்த இருளருக்குக் கடன்பட்டிருக்கான்.

அந்தக் கடனை நாம அடைக்கறோமான்னா, இல்ல. எத்தனை பாம்பு பிடிக்கலாம்னு வனத்துறை அனுமதி கொடுத்தாத்தான் சங்கத்துக்கு வேலை. அனுமதி தள்ளிப்போனா பானை காலியா கிடக்கும், அடுப்பும் அப்படித்தான். பிள்ளைங்க செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போனா, சட்டையைப் பார்த்துப் பாம்பு பேரைச் சொல்ற அறிவு அதோட முடிஞ்சுடும். அதைப் புஸ்தகத்துல எழுதி வச்சுக் காப்பாத்த முடியாது.

பெட்டிக்குள்ள பாம்பு வளர்க்கறவங்க கேட்டுக்க வேண்டிய கதை ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல ஃபுளோரிடான்னு ஒரு மாநிலம். அங்க பர்மா மலைப்பாம்புக்குட்டியை ஆசையா வாங்கினாங்க. வாங்கறப்போ ரெண்டு அடிக் குட்டி. ஒவ்வொரு சட்டை உரிக்கறப்பவும் வளர்ந்துச்சு. பத்து அடி தாண்டினதும் சமாளிக்க முடியாம சதுப்புக்காட்டுல விட்டுட்டாங்க. தப்பிச்சுப் போனதும் உண்டு. அது அங்க முட்டை போட்டுப் பெருகி, முயல், ரக்கூன் மாதிரி அந்த ஊரு மிருகங்களையெல்லாம் தின்னு தீர்த்துச்சு. 2012-ல பர்மா மலைப்பாம்பு இறக்குமதியைத் தடை பண்ணாங்க. அதுக்குள்ள காரியம் கைமீறிப் போச்சு.

கடைசியா யாரைக் கூப்பிட்டாங்க தெரியுமா? நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து இருளரை. 2017 ஜனவரியில மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு பேரு விமானம் ஏறிப் போனாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள 13 மலைப்பாம்பு பிடிச்சுட்டாங்க. அதுல ஒண்ணு 16 அடி பெண் பாம்பு. கையில ஒரு இரும்புக்கம்பி, மீதியெல்லாம் கண்ணுதான். 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சுது. எங்க பக்கம் அன்னைக்குச் சந்தோஷப்படாத ஆளில்ல.

பட்டணத்து வாசகருங்களுக்கு மூணு விஷயம் சொல்லி முடிச்சுக்கறேன்.

நம்ம ஊருப் பாம்பு எதையும் பிடிச்சு வளர்க்கறது சட்டப்படி குற்றம். குட்டியா இருந்தாலும் அப்படித்தான். நல்லபாம்புக் குட்டிக்கு முட்டையை விட்டு வர்றப்பவே விஷம் இருக்கு. வீட்டுக்குள்ள வந்துட்டா வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ ஃபோன் பண்ணுங்க, அடிக்காதீங்க. வெளிநாட்டு இனம் ஏற்கெனவே கையில இருந்தா, அதைப் பதிவு பண்ணணும்னு 2024-ல விதி வந்திருக்கு. பதிவு பண்ணிட்டு அது சாகற வரைக்கும் நீங்களே வச்சுப் பாருங்க. வளர்ந்துடுச்சுன்னு ஏரிப்பக்கம் கொண்டுவந்து விட்டுடாதீங்க. எங்க ஏரிக்கு ஃபுளோரிடா கதி வேண்டாம்.

ரெண்டாவது, பாம்பு கடிச்சா கத்தியால கீறறது, வாயால உறிஞ்சறது, இறுக்கிக் கட்டறது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காம நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மூணாவது, ஈ.சி.ஆர். பக்கம் மாமல்லபுரம் போற வழியில முதலைப் பண்ணையில இறங்கினா, அந்தச் சங்கத்துல விஷம் எடுக்கறதைப் பார்க்கலாம். டிக்கெட் வாங்கிப் பாருங்க, பிள்ளைங்களுக்கும் காட்டுங்க. பானையில இருந்து பாம்பை எடுக்கற அந்த ஆளோட கையைப் பாருங்க. அவரோட தாத்தா தோல் உரிச்சுப் பிழைச்சவரா இருக்கலாம். அவரு உசுரைக் காப்பாத்திப் பிழைக்கறாரு.